நம்ம கம்பெனி

சூலூருக்குத் தெற்கே, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரின் கடைசியில் சிறிய மடம் ஒன்று இருந்தது. தகரக் கூரை, ஒரு கிணறு, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. மடத்தின் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் சாந்தாமணி. அவரைவிட மூத்த சீடர்கள் எல்லோரும் அவரை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மிணி என்பது அந்தப் பக்கத்தில் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல். மடத்தின் பழைய குருவான ஐயா சமாதியானபோது, தனக்குப் பிறகு சாந்தாமணி என்று கைகாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்ற நாளில், "வா அம்மிணி" என்று முதலில் கூப்பிட்டவர் பழைய சீடரான திருமூர்த்தி. பாசத்தில் கூப்பிடவில்லை. நேற்றுப் பிறந்தவள் நீ வந்து எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறாய் என்பதை ஒரே சொல்லில் அடக்கிக் கூப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லே பட்டமாக நிலைத்துவிட்டது. இப்போது அதில் குத்தல் துளியும் இல்லை. திருமூர்த்திக்கே அது மறந்துபோயிருந்தது.

திருமூர்த்திக்கு ஐம்பது வயது. மீசை அரும்பிய வயதில் ஒரு பம்ப் கம்பெனியில் எடுபிடியாக நுழைந்து, சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். போன ஆடியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த தொகை தைப் பொங்கலோடு தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவர் மனைவியின் தையல் மெஷினால்தான்.

மூன்று இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய் மூன்றிலும் கவிழ்ந்துவிட்டு வந்திருந்தார். நாலாவது, அடுத்த வியாழக்கிழமை. ஒரு மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. இதுவும் இல்லையென்றால் ஏதாவது அபார்ட்மென்ட் வாசலில் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். அந்த வேலையிலும் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குக் கை சும்மா இருந்தால் பயம் வரும். இரும்பைத் தொடாமல் மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கிற மகள் நித்திலா விடுவதாக இல்லை. இன்டர்வியூவில் எல்லாரும் கேட்கிற கேள்விகள் இவைதான், அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனால் எவனும் அசைக்க முடியாது என்று சொல்லி, பதில்களைத் தன் குரலிலேயே போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். திருமூர்த்தி காதில் வயரைச் செருகிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி தெருவில் நடந்தார். புருஷனுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரி அவர் மனைவியிடம் விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல மடத்துக்கு வந்தார். சமையற்கட்டில் அம்மிணி அரசாணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசணிக்கு அங்கே அதுதான் பெயர். திருமூர்த்தி தேங்காய் துருவ உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துருவிவிட்டு, விஷயத்தைச் சொன்னார். பதிலெல்லாம் பாடம் ஆகிவிட்டது, நீங்கள் ஒருதரம் கேட்டுவிட்டால் தைரியமாகப் போவேன் என்றார்.

"கேக்கச் சொன்னாக் கேக்கறேன். உங்களைப் பத்திச் சொல்லுங்கண்ணா."

திருமூர்த்தி துருவலை நிறுத்தினார். முதுகு நிமிர்ந்தது. குரல் எங்கிருந்தோ வந்தது. "வணக்கம். என் பெயர் திருமூர்த்தி. உற்பத்தித் துறையில் நீண்ட அனுபவம் கொண்டவன். குழுவாகச் செயல்படுவதிலும் தலைமை தாங்குவதிலும் மிகுந்த ஆர்வம் உள்ளவன்."

அம்மிணி சமையற்கட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அம்மிணி?"

"வேற யாரோ வந்து பேசறாங்கன்னு நெனச்சேன். நீங்க சொல்லுங்க."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு நித்திலா அழகான பதில் கொடுத்திருந்தாள். முதல் இன்டர்வியூவில் இந்தக் கேள்விக்கு, எங்கே இருப்பேன், வீட்டில்தான் இருப்பேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தார். உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விக்கு, அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் பலவீனம் என்று ஒப்பித்தார். அம்மிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் ராத்திரி வரைக்கும் பதில் சொல்லியிருப்பேனே என்று தன் மனைவி ஏங்கியதைத் திருமூர்த்தி சொன்னார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு அம்மிணி கேட்டார். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

"புதிய சவால்களைத் தேடி" என்று ஆரம்பித்தார். அங்கே நின்றது. இருமிப் பார்த்தார். "புதிய சவால்களை..." மறுபடியும் அங்கேயே நின்றது. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம கம்பெனில ஒரு லேத் மெஷின் இருந்துதுங்க" என்றார். கண் கலங்கியதை மறைக்கத் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மிணி காயின் விதைகளை வழித்து எடுத்தார். "நம்ம கம்பெனியா?"

"அதுதானுங்க எனக்கு வில்லங்கமே."

அவர் கொட்டித் தீர்த்தார். வாயைத் திறந்தால் பழைய கம்பெனிக்கு அந்தப் பெயர்தான் வருகிறது. முந்தைய நிறுவனம் என்று நித்திலா திருத்தித் திருத்தி அலுத்துவிட்டாள். இரண்டாவதாகப் போன இடத்தில் மேனேஜரிடம், நம்ம கம்பெனில மோட்டார் காயில் எரிஞ்சுபோய் நிறைய பம்பு திரும்பி வரும், அதைக் குறைச்சது நான்தான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் முகம் சுருங்கி, எங்க கம்பெனில எதுவும் திரும்பி வர்றதில்லையே, யார் சொன்னது உங்களுக்கு என்று கேட்டாராம். ஐயோ, உங்க கம்பெனி இல்லீங்க, நம்ம கம்பெனி என்று இவர் விளக்கப் போய், காரியம் அடியோடு கெட்டது.

"கழுத்தைப் புடிச்சு வெளிய அனுப்பினவங்களை எதுக்குங்க இன்னும் நம்மன்னு சொல்றேன்? இந்தச் சொல்லை வாயிலருந்து எடுக்கோணும் அம்மிணி. அதுக்கொரு வழி சொல்லுங்க."

அம்மிணி அடுத்த காயை எடுத்தார். "எங்கூர்ல ஒரு புள்ளையக் கட்டிக் குடுத்தாங்க. போன எடத்துல வாயைத் தொறந்தா, எங்க ஊட்டுல கொழம்பு இப்படி வெப்போம், எங்க ஊட்டுல வாசல் இப்படிக் கூட்டுவோம்னே பேசும். மாமியா பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. ஒரு நாள், இனி இதுதான் உன்ற ஊடு, நம்ம ஊடுன்னு சொல்லிப் பழகு சாமின்னா. புள்ளை தங்கமான புள்ளை. அன்னைக்கே சொல்லிட்டா."

"என்னன்னு?"

"நம்ம ஊட்டுல உப்பு எங்க இருக்குதுங்க அத்தைன்னு."

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மூளையில் பளிச்சென்று ஒன்று எரிந்தது. அதற்குள் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அரிசி கொதித்துப் பொங்கியது. பிறகு பந்தி, பாத்திரம், அது இது என்று பொழுது போய்விட்டது. கதை அதோடு முடிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். குரு வழி காட்டிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பழைய சொல்லைப் பிடுங்கி எறிவதற்கு ஏன் மெனக்கெட வேண்டும், அதைப் புது இடத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டால் போதுமே என்று நித்திலாவிடம் விளக்கினார். அவளுக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. புதன்கிழமை வரைக்கும் இருவரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை அந்த மோட்டார் கம்பெனியில், மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர். நரைத்தவர் டீ குடிப்பதிலேயே கவனமாக இருந்தார். கேள்வி கேட்டதெல்லாம் அந்தப் பெண்தான்.

தன்னைப் பற்றிச் சொன்னார். தடங்கல் இல்லாமல் வந்தது. பலவீனத்தையும் சொன்னார்.

"காலைலருந்து வந்த எல்லாருக்கும் இதே பலவீனம்தாங்க" என்றார் அந்தப் பெண்.

திருமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த கேள்வியில் பிடித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டார். எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்டார்கள். இதற்குத்தான் காத்திருந்தார்.

"நம்ம கம்பெனி மோட்டாருக்கு மார்க்கெட்ல நல்ல பேருங்க மேடம். நம்ம கம்பெனில..."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம கம்பெனியா? நாங்க இன்னும் லெட்டரே குடுக்கலையேங்க."

நரைத்தவர் டீ புரையேறச் சிரித்தார். திருமூர்த்தியும் கூடவே சிரித்துவைத்தார். சிரித்து முடித்தபோது தலைக்குள் ஒன்றுமே இல்லை. நித்திலாவின் குரல், சவால்கள், ஆர்வம், குழு எல்லாம் எங்கோ போய்விட்டன. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்ட அந்தப் புள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"நான் விடலீங்க மேடம்." குரல் அவருடைய சொந்தக் குரலாக இருந்தது. "அதை மூடிட்டாங்க. மெஷினெல்லாம் வித்து லாரியில ஏத்தினாங்க. நான் முதன்முதல்ல தொழில் பழகுன லேத்தை, நானேதான் போல்ட்டு கழட்டிக் குடுத்தேன். வேற ஆள் கழட்டுனா மரையைக் கெடுத்துப் போடுவாங்கன்னு. இப்பவும் பேசினா அதைத்தான் நம்ம கம்பெனின்னு வருதுங்க. உங்களுதை அப்படிச் சொன்னது பாடம் பண்ணிட்டு வந்ததுங்க. தப்புத்தான்."

நரைத்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை நம்ம கம்பெனின்னு சொல்ல உங்களுக்கு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

திருமூர்த்தி யோசித்துப் பார்த்தார். முதல் சம்பள நாளா, கை நசுங்கித் தையல் போட்ட நாளா, கல்யாணத்துக்கு முதலாளி வந்த நாளா? எதுவும் பிடிபடவில்லை.

"தெரியலீங்க மேடம்."

அவ்வளவுதான் கேட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு ஏற்கெனவே மூன்று இடத்தில் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நித்திலா எப்படிப் போனது என்று கேட்டதற்கு, நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் நல்ல பதில்தான் கண்ணு, நான்தான் கோட்டை விட்டுவிட்டேன் என்றார். அவள் அழுதாள். அவள் அழுததுதான் அவரால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். இப்போதைக்குத் தற்காலிகமாகத்தான், ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். திருமூர்த்தி சரிங்க சரிங்க என்று போனுக்குள் கும்பிடு போட்டார். மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நித்திலா தன் பதில்களால்தான் கிடைத்தது என்று நம்பினாள். அவர் அதைத் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே மடத்துக்கு வந்துவிட்டார். நடந்ததையெல்லாம் அம்மிணியிடம் சொன்னார். அம்மிணி அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நம்ம கம்பெனி என்று சொல்லி மாட்டிக்கொண்ட இடத்தில் தண்டும் இலையுமாகக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். லேத்தைக் கழற்றிக் கொடுத்ததைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"கதையைப் பாதியில உட்டுப்போட்டு என்னை மாட்டி உட்டுட்டீங்க அம்மிணி."

"நீங்கதான் பாதியிலயே எந்திரிச்சு ஓடிட்டீங்க."

"மிச்சத்தைச் சொல்லுங்க. அந்தப் புள்ளை என்னாச்சு?"

"ஒரு ஐப்பசி மாசம், மத்தியான நேரம். மழைன்னா மழை, அப்படியொரு மழை. புள்ளை திண்ணை மேல உக்காந்து சோறு தின்னுட்டிருந்தா. ஓட்டுச் சந்துல தண்ணி கொட்டுது. ஐயோ நம்ம ஊடு ஒழுகுதுன்னு கத்திக்கிட்டு, எச்சக் கையோட அண்டாவைத் தூக்கிட்டு ஓடினா."

"அதைக் கேட்டு மாமியா என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? அவளும் இன்னொரு அண்டாவைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடினா."

திருமூர்த்தியும் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தார். ஆனால் மனம் அடங்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம் காலையிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. அதையும் சொல்லிவிட்டார்.

அங்கே எல்லாம் சின்னப் பையன்கள். வேலை பார்த்துப் பழகின கூட்டம். இவர் வெளியிலிருந்து போய் அவர்களுக்கு மேலே நிற்கப்போகிற ஆள். ஒன்றைச் செய்யச் சொன்னால் சுற்றி நின்றுகொண்டு ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு வேண்டுமானாலும் நித்திலாவிடம் பதில் இருக்கிறது, இதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

"என்ன சொல்லுவாங்க?" என்றார் அம்மிணி.

"எங்க கம்பெனில இப்படியெல்லாம் செய்யறதில்லீங்கண்ணா, அப்படீம்பாங்க. எங்க கம்பெனின்னு சொல்லிட்டா நான் யாரு? அதுக்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கிட்டுப் போகோணும். நீங்கதான் சொல்லோணும்."

அம்மிணி கீரைத் தண்டை முறத்தின் ஓரமாக ஒதுக்கினார். "நான் இங்க வந்த அன்னைக்கு, வெளக்கைக் கெழக்கால வெக்கப் போனேன். ஞாபகம் இருக்குதுங்களாண்ணா?"

திருமூர்த்தி யோசித்தார். துணிப்பையோடு நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கிழக்குப் பக்கம் விளக்கை வைக்கப் போனாள். தான் போய்க் குறுக்கே நின்றதும், கையை நீட்டித் தடுத்ததும் ஒவ்வொன்றாக வந்தன. தன் குரலும் வந்தது. அதைக் கேட்டதும் அவருக்கு முகம் சுட்டது.

"எங்க மடத்துல இப்படியெல்லாம் செய்யறதில்ல அம்மிணின்னு சொன்னேனுங்க" என்றார் மெதுவாக.

"ஒரு நாளா சொன்னீங்க? எங்க மடத்துல சாம்பாருக்குப் பெருங்காயம் போடறதில்ல. எங்க மடத்துல வாசப்படியில உக்கார்றதில்ல."

"அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

திருமூர்த்தி தேடினார். எவ்வளவு தேடியும் ஒரு பதிலும் அகப்படவில்லை. விளக்கை அவர் காட்டின இடத்தில் வைத்துவிட்டு அந்தப் பெண் பின்கட்டுக்குப் போனதுதான் ஞாபகம் வந்தது. அங்கே பந்தி முடிந்து குவிந்து கிடந்த பாத்திரங்களுக்கு முன்னால், புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். இப்போதும் பந்தி முடிந்தால் அம்மிணி உட்காருகிற இடம் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து அலசிக் கவிழ்ப்பது திருமூர்த்தி. எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியாது.

அவர் தலை குனிந்தார். வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். கப்பி கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட வேண்டும், நம்ம மடத்துக் கப்பியை நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள் என்று அந்த நேரத்திலும் மனம் தன்பாட்டில் நினைத்தது. நினைத்தது காதில் விழுந்தது போல அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னைக்கு நான் அதை மாத்திச் சொன்னேன்? நம்ம மடம்னு முதல்ல எப்பச் சொன்னேன்?"

அம்மிணி ஆய்ந்த கீரையை அள்ளிச் சட்டியில் போட்டார்.

"பாத்திரம் தேச்சிட்டிருந்தேனுங்கண்ணா. கவனிக்கலை."